காகிதக் கூழ் அரைத்தவர்கள், அட்டையோடு மல்லுக்கட்டியவர்கள் வந்து சொல்லுங்கள்

பனங்கருக்கு, சாயல்குடி:
மகளிர் குழுவுக்குக் கைக்காகிதப் பயிற்சி. வாழைநார்க் கூழ். சொல்லிக்கொடுக்க வந்தவர் "நல்லா அரைங்க, அப்பத்தான் தாள் உரமா வரும்" என்று கூழ் அரைக்கும் பீட்டர் இயந்திரத்தை நிறுத்தவே விடவில்லை. சல்லடைச் சட்டத்தைத் தொட்டியில் முக்கித் தூக்கினால் தண்ணீர் இறங்கவே இல்லை. சாய்த்தால் கூழ் வழுக்கி மூலைக்கு ஓடுகிறது. அடியில் உள்ளங்கையை வைத்தேன், ஒவ்வொரு சொட்டாக விழுந்தது. காய்ந்த தாள் அப்பளம் மாதிரி சுருண்டுகொண்டது. இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் அறுந்து போகவில்லை. ஓரத்தில் நகம் பட்டதும் சர்ரென்று கிழிந்தது. இதில் எது உரம்?

உப்பளத்தான்:
அவர் சொன்னது பாதி சரி. அரைக்க அரைக்க நார் பிசிறு விட்டு, ஊறிப் பருத்து, ஒன்றோடொன்று நன்றாக ஒட்டும்; இழுவை தாங்கும். அளவு மீறினால் நார் நறுங்கிக் குட்டையாகும், கிழிவு தாங்காது. பொடி இடுக்கை அடைத்துக்கொள்வதால் வடியவும் வடியாது. ஆனால் முழுப்பழியையும் அரைவை மேல் போடாதீர்கள். நான் கரும்புச் சக்கைக் காகித ஆலையில் இருந்தவன். சக்கையின் உட்சதையை நீக்கிவிட்டுத்தான் வேகவைப்போம், இல்லாவிட்டால் வலை அடைத்துவிடும். வாழைப்பட்டையின் சதையையும் வழித்து எறிய வேண்டும். நீங்கள் அப்படியே போட்டிருப்பீர்கள். அப்புறம், அரைவையின் நடுவே சோதித்துப் பாருங்கள். ஆலையில் 2 கிராம் உலர் நாரை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து வடிதலை அளக்கும் ஷாப்பர் ரீக்ளர் கருவியில் வடிய விடுவோம். எண் ஏறினால் வடிதல் மந்தம். கருவி இல்லாவிட்டால் கொசுவலை போதும். பனியன் வெட்டுத்துணிக் கூழையும் கொஞ்சம் கலந்துகொள்ளுங்கள்.

பாம்பன்காரி:
என் பிரச்சினை அட்டைப்பெட்டி. ஐப்பசிப் புழுக்கத்தில் நெத்திலிக் கருவாடு ஏற்றும்போது அடி விட்டு, லாரி ஷெட் முழுக்க நெத்திலி. பெட்டி விற்றவர் "உப்புதான் காரணம்" என்று கையை விரித்தார். கிழிந்த ஓரத்தைத் தேய்த்தால் நாரே இல்லை, மாவுதான் உதிர்ந்தது. போன பணம் வரவில்லை.

உப்பளத்தான்:
உப்பு ஈரத்தை இழுக்கும், உண்மைதான். ஆனால் அது பழைய அட்டையைத் திரும்பத் திரும்பக் கூழாக்கிய சரக்கு. ஒருமுறை காய்ந்த நார் மறுபடி பழையபடி ஊறாது, ஒன்றோடொன்று ஒட்டுவதும் குறைந்துவிடும். ஊசியிலை மர நார் சுமார் 3 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். யூகலிப்டஸில் 1 மில்லிமீட்டர் வந்தாலே பெரிது. கனமான சரக்குக்கு நீள நார் கலந்த அட்டை கேளுங்கள்.

பனங்கருக்கு:
பட்டையை வழித்துத்தான் போட்டோம், ஐயா. படம்கூட இருக்கிறது. எங்கள் போர் தண்ணீரும் உப்பு. உப்புத் தண்ணீரில் நார் ஊறுவது குறையுமே, அப்படியானால் இன்னும் சீக்கிரம் அல்லவா வடிந்திருக்க வேண்டும்? அதற்கும் மீறி நின்றதென்றால் அரைவையைத் தவிர வேறு எதைச் சொல்வது?