பெல்ட் போட்டால் என் நாய் ஒட்டி நடக்கிறாள், அவிழ்த்தால் ஓடுகிறாள்: என்ன செய்யலாம்?

உச்சிப்புளிக்காரன்:
வணக்கம். உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் கடலோரத்தில் வீடு. சிப்பிப்பாறை கலப்புப் பெட்டை நாய் ஒன்று வளர்க்கிறேன், ஒன்றரை வயது. பெல்ட் போட்டுக் கூட்டிப் போனால் என் இடது காலை விட்டு விலகமாட்டாள். அவிழ்த்துவிட்டால் நாலு எட்டு கூட வருவாள். அப்புறம் ஆடு தெரிந்தாலோ, கரைவலை இழுக்கும் கூட்டம் தெரிந்தாலோ பறந்துவிடுவாள். பிஸ்கட்டை முன்னால் நீட்டிக்கொண்டே நடந்து பார்த்தேன், பிஸ்கட் தீரும் வரைதான். கம்பெடுத்தால் சரியாகும் என்கிறார்கள் பக்கத்து வீட்டில். அடிக்க எனக்கு மனசில்லை. கயிறில்லாமல் கூடவே நடக்கப் பழக்க முடியுமா?

மண்டபம் தம்பி:
ராமேஸ்வரம் ரோட்டுப் பக்கம் மட்டும் அவிழ்த்துவிடாதீங்க அண்ணே. டூரிஸ்ட் வண்டிகள் வரும் வேகத்தைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

வேட்டைநாய்ப் பிரியன்:
முடியும். கம்பு வேண்டாம். அடி வாங்கிய நாய் கை எட்டாத தூரத்தில் நின்றுகொள்ளத்தான் பழகும். நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர்.

சிப்பிப்பாறை முயல் வேட்டைக்கு வளர்த்த இனம், கண்ணால் பார்த்துத் துரத்தும். ஆடு ஓடினால் அவள் காலும் ஓடும். இது திமிர் இல்லை, பிறவிக் குணம்.

முதலில் ஒன்று பாருங்கள். பெல்ட் கயிற்றை உங்கள் தோளில் தளர்வாகப் போட்டுக்கொண்டு, கையில் பிடிக்காமல் நடங்கள். விலகினால், இத்தனை நாளும் அவள் கவனித்தது கயிற்றின் இழுப்பை, உங்கள் காலை இல்லை. பெரும்பாலும் இதுதான் காரணம்.

வீட்டு முற்றத்தில், சாப்பாட்டுக்கு முன் பசியோடு இருக்கும்போது தொடங்குங்கள். வேகவைத்த கோழியைச் சின்னத் துண்டாக்கி வைத்துக்கொள்ளுங்கள். கொடுக்கும் இடம் முக்கியம்: இடது தொடையை ஒட்டி, கால்சட்டைத் தையல் இருக்கும் இடத்தில். முன்னால் நீட்டினால் நாய் முன்னால் போகும், உங்கள் பிஸ்கட் செய்தது அதுதான். ஓர் எட்டு வைத்து நில்லுங்கள், தொடைப் பக்கம் இருந்தால் ஒரு துண்டு. பிறகு இரண்டு எட்டு. திடீரென்று வலது பக்கம் திரும்புங்கள், அவள் ஓடி வந்து சேர்ந்ததும் ஒரு துண்டு. வேகத்தைக் கூட்டுங்கள், குறையுங்கள். நீங்கள் எந்தப் பக்கம் போவீர்கள் என்று தெரியாதபோதுதான் அவள் உங்களையே பார்ப்பாள். துண்டை ஒளித்து வையுங்கள், செய்த பிறகே எடுங்கள். பழகியதும் ஒவ்வொரு முறையும் தராமல் சில முறை மட்டும் தாருங்கள்.

அடுத்தது, பத்து மீட்டர் நீளக் கயிறு. நம் ஊரில் வலைக்கயிற்றுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கழுத்தில் கட்டாதீர்கள். இந்த இனம் எடுக்கும் வேகத்தில் கயிறு தீர்ந்து சுண்டினால் கழுத்து என்னாகும்! மார்போடு போடும் பட்டையில் கட்டி, மணலில் இழுபடவிட்டு நடங்கள். ஆட்டை அவள் பார்க்கலாம், ஆனால் நீங்கள் கொடுக்கும் துண்டையும் வாங்க வேண்டும். வாங்கவில்லை என்றால் ரொம்பப் பக்கம் போய்விட்டீர்கள், பின்வாங்குங்கள். அந்தத் தூரத்தை மெதுவாகக் குறைத்து வாருங்கள். கயிறு கழல்வது எல்லாவற்றுக்கும் கடைசியில்.

உச்சிப்புளிக்காரன்:
நன்றி அண்ணே. முற்றத்தில் அழகாக வருகிறாள். ஆனால் கரையில் காற்று அடிக்கிற அடியில் என் குரலே எடுபடவில்லை.

வேட்டைநாய்ப் பிரியன்:
உங்களுக்கு இரண்டு பக்கமும் கடல், அதைப் பயன்படுத்துங்கள். கச்சான் எனும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தென்கரை கொந்தளிக்கும், வடக்கே பாக் விரிகுடாப் பக்கம் அடங்கி இருக்கும். வாடை எனும் வடகிழக்குக் காற்றுக் காலத்தில் தென்கரைக்குப் போங்கள். குரலோடு தொடையைத் தட்டும் சைகையையும் பழக்குங்கள். தூரத்தில் போனவளைக் கூப்பிட விசில்தான் நல்லது. விசிலுக்கு வந்தால் ஒருபோதும் திட்டக்கூடாது.

கீழக்கரை அக்கா:
தம்பி, கருவாடு வாசத்துக்கு நாய் நன்றாக வரும் என்று அதைக் கொடுக்காதீங்க, உப்பு ஆகாது. கடல் தண்ணீரையும் குடிக்கவிடாதீங்க, குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்க. கரைவலைக்காரர்கள் கழித்துப் போடும் பேத்தை மீனைத் தின்றால் உயிருக்கே ஆபத்து. கீழே கிடப்பதை விடச் சொல்லிப் பழக்கும் வரை கயிற்றைக் கழற்றாதீங்க. மதியம் மணல் சுடும். புறங்கையை வைத்துப் பாருங்க, உங்களுக்குத் தாங்கவில்லை என்றால் அவளுக்கும் தாங்காது. தனுஷ்கோடிப் பக்கம் ஆமை முட்டையிடும் மாதங்களில் கயிறோடுதான் போகணும். வெறிநாய்த் தடுப்பூசி வருஷம் தவறாமல் போடுங்க.

உச்சிப்புளிக்காரன்:
இன்று நீளக் கயிறோடு போனோம். தூரத்தில் ஆட்டு மந்தை போயிற்று. காதை விறைத்து நின்றாள், அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள்! கைநிறையக் கோழி கொடுத்தேன். ஆனால் நண்டு ஓடினால் மட்டும் இன்னும் தாவுகிறாள்.

வேட்டைநாய்ப் பிரியன்:
அந்த நண்டையே கூலியாக்குங்கள். கொஞ்ச தூரம் ஒட்டி நடந்ததும் “போ” என்று சொல்லி நண்டு வளையைத் தோண்டவிடுங்கள், பிறகு விசிலடித்துத் திரும்பக் கூப்பிடுங்கள். கயிறு மணலில் கிடக்கட்டும்.