எட்வின் காலின்ஸ்: யாருக்கு எந்தப் பாட்டில் அறிமுகம்?

ஸ்காட்லாந்துப் பாடகர் எட்வின் காலின்ஸைக் கேட்கிறவர்கள் இங்கே இருந்தால், அவர் உங்களிடம் எப்படி வந்து சேர்ந்தார் என்று எழுதுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

கிளாஸ்கோவில் படித்தபோது ஒரு பழைய இசைத்தட்டுக் கடையில் மேளம் அடிக்கும் பூனைப் படம் கண்ணில் பட்டது. போஸ்ட்கார்ட் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டுக் கம்பெனியின் சின்னம் அது. கடைக்காரர் சுழலவிட்ட தட்டு, காலின்ஸ் பாடிய ஆரஞ்ச் ஜூஸ் குழுவின் 'ப்ளூ பாய்', 1980. கிட்டார் சலசலவென்று ஓடுகிறது. குரல் சுருதியை உரசிக்கொண்டு தள்ளாடுகிறது. எனக்கு அந்தத் தள்ளாட்டம்தான் பிடித்தது. பங்க் இசை கத்தி ஓய்ந்திருந்த நேரத்தில், இந்தப் பையன்கள் கூச்சத்தோடு காதலைப் பாடினார்கள். அவர்களுடைய பள்ளிக்கூடக் காலத்து நூ-சோனிக்ஸ் குழுதான் ஆரஞ்ச் ஜூஸாக மாறியது. ஆலன் ஹார்ன் என்ற இளைஞர், வெஸ்ட் பிரின்சஸ் தெரு 185-இல் இருந்த தன் வீட்டிலிருந்தே அந்தக் கம்பெனியை நடத்தினார். லண்டனுக்குப் போய்த்தான் பெயர் வாங்கவேண்டும் என்றிருந்த ஊரில் இது பெரிய துணிச்சல். அப்புறம் ஆரஞ்ச் ஜூஸும் பாலிடோர் என்ற பெரிய கம்பெனிக்குப் போனது. 'ரிப் இட் அப்' 1983-இல் பிரிட்டிஷ் பட்டியலில் 8-ஆம் இடம் வரை வந்தது. 1985-இல் குழு கலைந்துவிட்டது.

*

எனக்கு, பலரையும் போல, 'எ கேர்ள் லைக் யூ'. ஒலிப்பதிவு வேலையில் இருப்பதால் அந்தப் பாட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கேட்டிருக்கிறேன். டிரம்ஸ் துண்டு லென் பாரியின் 1965-ஆம் வருடப் பாட்டு ஒன்றிலிருந்து எடுத்தது. மேலே கரகரவென்று கிழியும் கிட்டார். நடுவே டிங் டிங் என்று வருகிறதே வைப்ரஃபோன் (உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிப்பது), அதை வாசித்தவர் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழுவின் டிரம்மர் பால் குக்! குழு கலைந்து கிட்டத்தட்ட பத்து வருடம் பெரிதாக எதுவும் அமையாத மனிதர், 1995-இல் இந்தப் பாட்டோடு 4-ஆம் இடத்துக்கு வந்தார். சொந்த ஸ்டூடியோவில் தன் இஷ்டத்துக்குப் பதிவு செய்தது அது. வெற்றிக்குக் காரணம் அந்தச் சுதந்திரம்தான் என்பது என் கட்சி.

*

மேலே எழுதிய இருவரும் 2005-க்கு முன்னாலேயே நின்றுவிட்டீர்கள். எனக்கு அவர் அதற்குப் பிறகுதான் அறிமுகம்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போயிருந்தது. கேட்பதெல்லாம் புரியும், பதில்தான் வராது. தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைக் காட்டுவார். அது அவர் பக்கத்தில் இல்லாவிட்டால் முகம் சிவந்துவிடும். அந்த நாட்களில்தான் காலின்ஸ் பற்றிய ஆவணப்படத்தைப் பார்த்தேன். 2005 பிப்ரவரியில் அவருக்கு மூளையில் இரண்டு முறை ரத்தக்கசிவு. மீண்டபோது வாயில் மிச்சமிருந்தவை ஆம், இல்லை, மனைவி கிரேஸ் மேக்ஸ்வெல்லின் பெயர், 'சாத்தியங்களுக்கு முடிவே இல்லை' என்ற ஒரு வாக்கியம். அவ்வளவுதான். பாட்டெழுதிப் பிழைத்தவரிடம் நான்கே நான்கு!

வலது கை வேலை செய்யவில்லை. அதனால் இடது கையால் அவர் கிட்டார் கம்பிகளை அழுத்திப் பிடிக்க, பக்கத்தில் கிரேஸ் உட்கார்ந்து அவற்றை மீட்டுகிறார். ஒரு கிட்டார், இரண்டு பேர். அந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். வரையப் பழகியதும் இடது கையால்தான், பெரும்பாலும் பறவைகள். முன்பே பதிவு செய்திருந்த ஆல்பம் 2007-இல் வெளிவந்தது. நோய்க்குப் பிறகு எழுதிய பாட்டுகள் 2010-இல் வந்தன. கிட்டார் கலைஞர்கள் ஜானி மார், ராடி ஃபிரேம், ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் குழுப் பையன்கள் எல்லாரும் வந்து தோள் கொடுத்தார்கள். பிறகு ஸ்காட்லாந்தின் வடக்கே ஹெல்ம்ஸ்டேலில் ஸ்டூடியோ கட்டினார். 2019, 2025 என்று ஆல்பங்கள் தொடர்ந்து வந்தன. வார்த்தைகள் முன்பைவிடக் குறைவு, நேரடி. ஆரம்பகாலச் சாமர்த்திய வரிகளைவிட எனக்கு இவைதான் பெரிது. பேட்டியில் ஒரு சொல்லுக்குத் தடுமாறுகிறவர், மேடையில் முழுப் பாட்டையும் பாடிவிடுகிறார்.

அப்பாவின் பேச்சுப் பயிற்சியாளரிடம் இதைச் சொன்னேன். "தெரிந்த பாட்டாக எடுத்து, நீங்களும் கூடவே பாடுங்கள்" என்றார். பழைய பாட்டு ஒன்றை ஆரம்பித்தேன். இரண்டாவது அடியில் அப்பா சேர்ந்துகொண்டார், சொல் பிசகாமல். பேச்சு முழுதாகத் திரும்பிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் தண்ணீர் கேட்கிறார். வீட்டில் யாருக்காவது இந்த நிலை என்றால், பயிற்சியாளரிடம் பாட்டைப் பற்றியும் கேட்டுப்பாருங்கள்.