1972 டாட்சன் 240இசட்: மாட்டியிருக்கும் ஃபிளேர் எந்த வகை? வைத்துக்கொள்வதா, மாற்றுவதா?

ஆரஞ்சு240

வணக்கம். சாக்ரமென்டோ பக்கம் ஒரு பெரியவரிடம் 1972 மாடல் 240இசட் வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. நான் இருப்பது ஃப்ரீமான்ட். எல்24 இன்ஜின் காலையில் ஒரே சாவியில் எழுந்துவிடுகிறது, அதில் ஒரு குறையும் இல்லை. குழப்பம் மட்கார்டில்தான்.

நான்கு சக்கரத்துக்கும் மேலே ஃபிளேர் (மட்கார்டை அகலமாக்க வெளியே மாட்டும் வளைவு) இருக்கிறது. பெரியவர் வாங்கும்போதே இருந்ததாம், என்ன வகை என்று அவருக்கும் தெரியவில்லை. ஒரு விரல் அகலப் பட்டை பாடியோடு ஒட்டி நிற்கிறது, திருகுகளின் தலை வெளியே தெரிகிறது. இடது பின் ஃபிளேரில் மேலிருந்து கீழே ஒரு விரிசல். அங்கே பெயின்ட் உரிந்து வெள்ளை இழை தலைநீட்டுகிறது. வீல் 15×7 (விட்டம் 15, அகலம் 7 அங்குலம்), ஆஃப்செட் 0 (வண்டியில் மாட்டும் முகம் வீலின் நடுக்கோட்டிலேயே), டயர் 205/60. பக்கத்தில் நின்று பார்த்தால் டயர் உள்ளே போய் ஒளிந்துகொண்ட மாதிரி இருக்கிறது.

இது அசல் இசட்ஜி ஃபிளேரா? இதைக் கழற்றிவிட்டு ஐஎம்எஸ்ஏ (அமெரிக்க கார் ரேஸ் அமைப்பு) பாணிப் பெட்டி ஃபிளேர் போடலாமா? இல்லை, எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பழையபடி ஒல்லியாக விடுவதா?

நீலவானம்

வடிவம் இசட்ஜிதான். ஆனால் அசலாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 240இசட்ஜி 1971இல் ஜப்பானில் மட்டும் விற்ற வண்டி, ரேஸ் விதிக்காக நீண்ட மூக்கும் ஃபிளேரும் சேர்த்து இறக்கினார்கள். அதைப் பார்த்துச் செய்த நகல்கள்தான் அமெரிக்காவில் அதிகம். நீங்கள் சொல்லும் வெள்ளை இழை கண்ணாடி நார், அதாவது ஃபைபர்கிளாஸ்.

பழையஇரும்பு

தம்பி, என்னிடம் 1971 இசட் 19 வருடமாக இருக்கிறது. அசலா நகலா என்பதை அப்புறம் பார்க்கலாம். ஃபிளேருக்குப் பின்னால் தகடு எப்படி இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

இந்த வண்டியில் முன் மட்கார்டு போல்ட் போட்டு மாட்டியது. கெட்டுப்போனால் கழற்றி வேறொன்று போட்டுக்கொள்ளலாம். பின்பக்கம் அப்படியில்லை. வெளித்தகடும் உள் வீல் கிண்ணமும் வளைவின் உதட்டில் (உள்பக்கம் மடிந்த விளிம்பில்) சேர்ந்து ஸ்பாட் வெல்டு, அதாவது புள்ளிப்புள்ளியாக வெல்டு, ஆகியிருக்கும். அகல டயருக்காக அந்த உதட்டை வெட்டினால் இரண்டு தகடும் பிரிந்து நடுவில் வாய் திறந்துவிடும். திரும்ப மடித்துத் தொடர்ச்சியாக வெல்டு வைத்து, மேலே சீலர் பூசியே ஆக வேண்டும்.

என் வண்டியில் ஒரு பட்டறைக்காரர் வெட்டிவிட்டு, வெறும் பட்டி (தகட்டுப் பள்ளம் நிரப்பும் பசை) அடைத்து, மேலே ஃபிளேரை முடுக்கிவிட்டார். நான்கு வருடம் கழித்துக் கதவுக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கும் அந்தக் கீழ்மூலையில் பெயின்ட் கொப்புளம் விட்டது. ஃபிளேரைக் கழற்றினேன், ஒரு கைப்பிடி ஈரமண் மடியில் விழுந்தது. கட்டைவிரலால் அழுத்தினால் தகடு பிஸ்கட் மாதிரி நொறுங்கியது. இவ்வளவு நாள் பளபளவென்று துடைத்து வைத்திருந்தேனே, அடியில் இப்படியா என்று அன்றைக்கு எனக்கு ராத்திரி தூக்கமில்லை.

அதனால் டார்ச் எடுத்து, வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, பின் சக்கரங்களைக் கழற்றுங்கள். உள்ளிருந்து வளைவு முழுக்க விரலை ஓட்டுங்கள். உதடு விட்டுப்போகாமல் தட்டுப்பட்டால் வெட்டவில்லை. மெல்லிய துணி சுற்றிய காந்தத்தைக் கீழ்மூலையில் வையுங்கள். பிடி தளர்ந்தால் அங்கே பட்டி கனமாக இருக்கிறது.

வகைக்கு வருகிறேன். சாதா வண்டியின் அகலம் 1630 மி.மீ., இசட்ஜி 1690. பக்கத்துக்கு 30 மி.மீ.தான் கூடுதல். அதனால்தான் அது அந்த உடம்போடு இயல்பாகச் சேர்கிறது. ஐஎம்எஸ்ஏ பெட்டி ஃபிளேர் ரேஸ் டயருக்கானது. அதற்குப் பின்பக்கத்தை நிறைய வெட்ட வேண்டும், வெட்டியபின் பழையபடி ஆக்குவது பெரிய வேலை. தெருவில் ஓட்டும் வண்டிக்கு அதை நான் சொல்லவே மாட்டேன்.

டயர் ஒளிந்து தெரிவது ஃபிளேரின் தப்பு இல்லை, வீல்தான் சிறிசு. இந்த வண்டி வந்தபோது 14 அங்குல வீல், 4.5 அங்குல அகலம். இப்போதுள்ள 15×7க்குப் பதில் 15×8, ஆஃப்செட் 0 போட்டால் வெளிவிளிம்பு 12.7 மி.மீ. வெளியே வரும். 15×9, ஆஃப்செட் மைனஸ் 13 (வீல் 13 மி.மீ. வெளியே தள்ளி) என்றால் 38 மி.மீ. வரும். 8 அங்குலத்துக்கு 225/50 போதும். ஆனால் 15×8 உள்பக்கமும் அதே 12.7 மி.மீ. போகும் என்பதை மறக்க வேண்டாம். முன்பக்கம் ஸ்ட்ரட்டுக்கும் (ஷாக் அப்சார்பர் தூணுக்கும்) டயருக்கும் நடுவில் விரல் நுழைகிறதா என்று பார்க்காமல் வாங்காதீர்கள். முதலில் வீலை முடிவு பண்ணுங்கள், ஃபிளேர் அதற்கு ஏற்றபடி.

ஆரஞ்சு240

அண்ணா, சொன்னபடியே பார்த்தேன். முன்பக்கம் இரண்டிலும் உதடு அப்படியே இருக்கிறது, மடித்து மட்டும் விட்டிருக்கிறார்கள். வலது பின்பக்கமும் முழுசு. இடது பின்பக்கம் உச்சியில் ஒரு சாண் நீளத்துக்கு வெட்டியிருக்கிறது. அந்த இடுக்கில் ஸ்க்ரூடிரைவர் நுனி உள்ளே போகிறது. நல்லவேளை, கீழ்மூலையில் காந்தம் இறுக்கமாகப் பிடிக்கிறது.

இசட்ஜியையே வைத்துக்கொள்கிறேன், வீல் 15×8. உடைந்த ஃபிளேரைக் கழற்றிவிட்டு வெல்டு பார்க்கச் சொல்லலாமா? திருகு எது போட?

பழையஇரும்பு

இந்த மழைக்காலத்துக்குள் முடித்துவிடுங்கள் தம்பி. வெல்டு வைக்கும் முன் பேட்டரி கழற்றணும், பின் கார்ப்பெட் எல்லாவற்றையும் வெளியே எடுக்கணும். பெட்ரோல் டாங்க் பின்னால் கீழேயே இருக்கிறது, அதைப் பட்டறையில் வாய்விட்டுச் சொல்லுங்கள். திருகு ஸ்டெயின்லெஸ், 5 மி.மீ. போதும். பழைய ஓட்டை ஒவ்வொன்றின் வெறும் இரும்பு விளிம்பிலும் பிரைமர் தொட்டு வையுங்கள். ஃபிளேருக்கும் பாடிக்கும் நடுவில் மெல்லிய ரப்பர் பட்டை வேண்டும். ரொம்ப முறுக்காதீர்கள், நகல் ஃபைபர் திருகு ஓட்டையில்தான் முதலில் விரியும்.

ஆரஞ்சு240

சரி அண்ணா. சனிக்கிழமை கழற்றுகிறேன். அந்த விரிசலும் திருகு ஓட்டையில்தான் தொடங்கியிருக்கிறது, இப்போதுதான் கவனித்தேன்.