புதுப்பிப்பு: நமது பைத்தன் குழுவில் விளம்பரப் பதிவுகள்

ஹட்டனில் இயங்கும் நமது பைத்தன் (கணினி நிரல்மொழி) வாட்ஸ்அப் குழுவில், ஒரே பாடநெறியின் விளம்பரம் ஒரே இரவில் ஆறு முறை பகிரப்பட்டதைப் பற்றிச் சென்ற மாதம் எழுதியிருந்தேன். அன்று உயர்தர வகுப்பு மாணவி ஒருவர் கேட்ட கேள்வி அவற்றின் கீழே புதைந்துபோக, மறுநாள் காலையில்தான் அதைக் கண்டோம். அவரது நிரலில், தொடக்கத்தில் நான்கு வெற்றிடங்கள் (spaces) இருக்க வேண்டிய ஒரு வரியில் மூன்று மட்டுமே இருந்தன; பைத்தனில் அதுவே பிழையாகிவிடும். இரண்டு நிமிடத்தில் தீரக்கூடிய பிழைக்காக அந்தப் பிள்ளை இரவு முழுவதும் காத்திருந்தது எனக்கு இன்னமும் வேதனையாகவே இருக்கிறது.

பதிவிட்டவருடன் தனியாகப் பேசினேன். அவர் வருத்தம் தெரிவித்து, பதிவுகளைத் தாமே நீக்கினார்.

விளம்பரங்களை முற்றாகத் தடைசெய்ய வேண்டும் எனச் சிலர் வற்புறுத்தினாலும் நான் உடன்படவில்லை. தேயிலைக் கொழுந்தின் நிறையைப் பதிவுசெய்யத் தாம் எழுதிய செயலியை, மூல நிரலுடன் பகிர்ந்த பண்டாரவளைத் தம்பியிடமிருந்து நாங்கள் நிறையவே கற்றோம். ஆகவே, சொந்தப் படைப்பைப் பகிர்பவர் தமது தொடர்பை வெளிப்படையாகக் கூற வேண்டும் என்று முடிவுசெய்தோம். நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் விதியும் இதுவே. வேலைவாய்ப்பு அறிவித்தல்களுக்கு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கியுள்ளோம்.