தைராய்டு குறைவால் மாதவிடாய் ஒழுங்கு கெடுமா? மாதவிடாய்க்கு முந்தைய தொல்லைகளும் அதனால் கூடுமா?

நிலாமுற்றம் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 34. கடந்த ஓராண்டாக என் மாதவிடாய் ஒழுங்கு தவறிவிட்டது. முன்பெல்லாம் 28 அல்லது 30 நாள்களுக்கு ஒருமுறை வந்து ஐந்தாம் நாளில் நின்றுவிடும். இப்போது ஒருமுறை 22 நாளில் வருகிறது, அடுத்த முறை 45 நாள் ஆகிவிடுகிறது. வந்தால் எட்டு, ஒன்பது நாள்கள் நீடிக்கிறது. முதல் இரண்டு நாள்களில் இரவில் இருமுறை எழுந்து நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறது. ஆனால் உதிரப்போக்கைவிட அதற்கு முந்தைய நாள்களே என்னை அதிகம் வாட்டுகின்றன. மார்பில் கனமும் வலியும், காலையில் மோதிரம் விரலில் இறுகும் அளவுக்கு வீக்கம், காரணமே இல்லாத அழுகை, பிள்ளைகள் ஏதேனும் கேட்டால் சுள்ளென்று எரிந்து விழுவது என முன்பு மூன்று நாள்கள் இருந்த தொல்லை இப்போது பத்துப் பன்னிரண்டு நாள்களுக்கு நீள்கிறது.

மூன்று வாரங்களுக்கு முன் செய்துகொண்ட இரத்தப் பரிசோதனையில் தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். இயல்பைவிட உயர்ந்து 11.8 என்றும், தைராய்டு சுரக்கும் ஹார்மோனான ஃப்ரீ டி4 இயல்பு அளவுக்குச் சற்றுக் கீழே என்றும், ஹீமோகுளோபின் 9.8 என்றும் வந்தது. மருத்துவர் அந்தக் குறையை ஈடுசெய்யும் தைராக்சின் 50 மைக்ரோகிராம் மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். இரண்டையும் தவறாமல் சாப்பிட்டு வருகிறேன்; மாற்றம் எதுவும் தெரியவில்லை. கழுத்தில் இருக்கும் சுரப்பிக்கும் மாதவிடாய்க்கும் உண்மையிலேயே இவ்வளவு தொடர்பு உண்டா? இன்னும் எத்தனை நாள் பொறுத்திருக்க வேண்டும்?

செங்காந்தள் எழுதுகிறார்:

வணக்கம் சகோதரி. மகளிர் மருத்துவப் பிரிவில் செவிலியராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உங்கள் மருத்துவர் சொல்வதற்கு மேலாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தொடர்பு கட்டாயம் உண்டு. அது மூளையில் தொடங்குகிறது. தைராய்டு சுரப்பி போதுமான அளவு சுரக்காதபோது, அதைத் தூண்டுவதற்காக மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி டி.ஆர்.எச். என்னும் ஹார்மோனைக் கூடுதலாக வெளியிடுகிறது. அது பிட்யூட்டரி சுரப்பியிடமிருந்து டி.எஸ்.எச்.-ஐ மட்டும் வரவழைப்பதில்லை. பால் சுரப்புக்கு உரிய புரோலாக்டினையும் சேர்த்துக் கூட்டிவிடுகிறது. புரோலாக்டின் உயர்ந்தால் சினைப்பைக்குச் செல்லும் தூண்டுதல் மட்டுப்படுகிறது. அதனால் சில மாதங்களில் கருமுட்டை வெளிவருவதே இல்லை. சில மாதங்களில் வெளிவந்தாலும் அதன்பின் சுரக்க வேண்டிய புரொஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன் போதிய அளவு சுரப்பதில்லை.

கருமுட்டை வெளிவராத மாதத்தில் என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் உங்கள் 22 நாள், 45 நாள் கணக்கு விளங்கும். ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் கருப்பையின் உட்சுவரைத் தடிக்க வைத்துக்கொண்டே போகிறது. அதைப் பக்குவப்படுத்தி, உரிய நாளில் ஒரே சீராகக் கழித்துவிடும் புரொஜெஸ்டிரோன் இல்லை. எனவே அந்தச் சுவர் தாங்க முடியாத ஒரு கட்டத்தில், நாள் கணக்கு எதுவுமின்றித் திட்டுத்திட்டாக உதிர்கிறது. உதிரப்போக்கு நீடிப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். தைராய்டு மிகவும் குறைந்திருப்பவர்களில் சிலருக்கு இரத்தத்தை உறையச் செய்யும் வான் வில்லிபிராண்ட் காரணி போன்றவையும் குறைந்துபோவதுண்டு; அவர்களுக்குப் போக்கு இன்னும் கூடும்.

காத்திருப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். தைராக்சின் உடலில் மெதுவாகச் சேர்ந்து மெதுவாகக் குறையும் மருந்து; உடலில் உள்ள அளவு பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஏழு நாள்கள் ஆகும். ஆகவே ஒரு குறிப்பிட்ட அளவு மாத்திரையின் முழுப் பலனும் டி.எஸ்.எச். பரிசோதனையில் தெரிவதற்கு ஆறு முதல் எட்டு வாரங்கள் பிடிக்கும். மாதவிடாய் அதற்கும் பின்னால்தான் ஒழுங்குக்கு வரும். இரண்டு மூன்று சுழற்சிகள் கடந்த பிறகே அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியும். மூன்று வாரம் என்பது தொடக்கம் மட்டுமே. பலன் தெரியவில்லை என்று நீங்களாகவே மாத்திரையின் அளவைக் கூட்டிவிடாதீர்கள். அளவு மிஞ்சினால் படபடப்பு, தூக்கமின்மை, நாளடைவில் எலும்புத் தேய்மானம் என வேறு தொல்லைகள் வரும்.

மழைத்தூறல் எழுதுகிறார்:

நிலாமுற்றம் அவர்களே, உங்கள் பதிவில் ஒரு வரி என்னை நிறுத்திவிட்டது. இரும்புச்சத்து மாத்திரையையும் தைராக்சினையும் "இரண்டையும் தவறாமல் சாப்பிட்டு வருகிறேன்" என்கிறீர்கள். ஒரே நேரத்திலா சாப்பிடுகிறீர்கள்?

நான் ஆறு ஆண்டுகளுக்கு முன் அதைத்தான் செய்தேன். மறந்துவிடக் கூடாது என்பதற்காக, காலையில் எழுந்ததும் வெள்ளை மாத்திரையையும் சிவப்பு மாத்திரையையும் ஒன்றாக உள்ளங்கையில் வைத்து ஒரே மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிடுவேன். மூன்று மாதம் கழித்துப் பரிசோதித்தபோது டி.எஸ்.எச். அசையவே இல்லை. மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள்; அப்போதும் பெரிதாக இறங்கவில்லை. எதை எப்போது சாப்பிடுகிறேன் என்று யாரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. கடைசியில் மருந்தகத்தில் இருந்த ஒரு பெண் இரண்டு அட்டைகளையும் சேர்த்து நீட்டும்போது, "இவற்றுக்கிடையே நான்கு மணி நேரமாவது இடைவெளி விடுகிறீர்கள் அல்லவா?" என்று கேட்டார். இரும்புச்சத்து குடலிலேயே தைராக்சினைப் பிடித்து வைத்துக்கொண்டு, இரத்தத்தில் சேரவிடாமல் செய்துவிடும் என்று அன்றுதான் அறிந்தேன். சுண்ணாம்புச்சத்து மாத்திரைக்கும் இதே விதிதான். அதன்பின் தைராக்சினைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் மட்டும் எடுத்துக்கொண்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிடத் தொடங்கினேன். இரும்புச்சத்தை மாலைக்கு மாற்றினேன். அடுத்த பரிசோதனையில் அளவு இறங்கியிருந்தது, கூட்டிய மாத்திரையையும் குறைத்தார்கள்.

இரும்புச்சத்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். தைராய்டு ஹார்மோனைத் தயாரிக்கும் நொதிக்கே இரும்பு வேண்டும். தைராய்டு குறைவால் போக்கு அதிகமாகி, போக்கினால் இரும்பு குறைந்து, இரும்புக் குறைவு தைராய்டை மேலும் பின்னுக்கு இழுக்கும் சுழலில்தான் நம்மில் பலர் சிக்கியிருக்கிறோம். ஹீமோகுளோபினோடு, உடலில் சேமிப்பில் உள்ள இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இன்னொன்று: முடி கொட்டுகிறது என்று பயோட்டின் என்னும் வைட்டமின் மாத்திரை எதையாவது சாப்பிட்டு வந்தால், பரிசோதனைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அது சில ஆய்வக முறைகளில் டி.எஸ்.எச். அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும்.

கரையோரம் எழுதுகிறார்:

மேலே சொன்னவற்றை மறுக்கவில்லை. ஆனால் எல்லாவற்றையும் தைராய்டின் தலையில் கட்டிவிட்டு மற்றதைப் பார்க்காமல் விட்டுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எனக்கும் டி.எஸ்.எச். உயர்ந்திருந்தது, மாத்திரை சாப்பிட்டு அது இயல்புக்கு வந்த பின்னும் ஓராண்டு முழுவதும் கட்டிகட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. "தைராய்டு உள்ளவர்களுக்கு அப்படித்தான் இருக்கும்" என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகு ஸ்கேன் எடுத்தபோது கருப்பையில் ஃபைப்ராய்டு கட்டி இருப்பது தெரிந்தது. இரண்டு நோய்கள் ஒரே உடலில் ஒரே காலத்தில் இருக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. சினைப்பை நீர்க்கட்டி உள்ளவர்களுக்கும் சுழற்சி இப்படித் தள்ளிப்போகும்.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் என்று தொடர்ந்து சில மணி நேரம் நனைந்தாலோ, எழுந்து நிற்கையில் கண் இருண்டு மயக்கம் வந்தாலோ ஆறு வாரக் கணக்கையெல்லாம் பார்க்காமல் அன்றே மருத்துவமனைக்குச் சென்றுவிடுங்கள்.

நிலாமுற்றம்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மழைத்தூறல் அவர்களே, ஒன்றாகத்தான் விழுங்கிக்கொண்டிருந்தேன். நாளை முதல் மாற்றிவிடுகிறேன். செங்காந்தள் அக்கா, உதிரப்போக்கைப் பற்றிப் புரிந்துவிட்டது. அழுகையும் எரிச்சலும் ஏன் நீள்கின்றன என்பதுதான் இன்னும் புரியவில்லை.

செங்காந்தள்:

அந்தக் கேள்விக்குத்தான் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும் என்று தனியாக வைத்திருந்தேன். மாதவிடாய்க்கு முந்தைய தொல்லை எனப்படுவது கருமுட்டை வெளிவந்த பிறகு தொடங்கி, உதிரப்போக்கு ஆரம்பித்த சில நாள்களில் விலகிவிட வேண்டும். அதன்பின் ஒரு வாரமாவது தெளிவான நாள்கள் இருக்க வேண்டும். தைராய்டு குறைவோ மாதம் முழுவதும் இருப்பது. சோர்வு, முக வீக்கம், மனத்தளர்ச்சி, மலச்சிக்கல், கவனமின்மை ஆகிய எல்லாமே இரண்டுக்கும் பொது. ஆகவே எப்போதும் அடியில் இருக்கும் தைராய்டுச் சோர்வின்மேல் கடைசி நாள்களின் தொல்லை ஏறிக்கொள்ளும்போது, அது பன்னிரண்டு நாள் தொல்லையாகத் தெரியக்கூடும். உயர்ந்த புரோலாக்டின் மார்பு வலியைக் கூட்டுவதும் உண்டு.

இதைப் பிரித்தறிய ஒரே வழி, அன்றன்றே எழுதி வைப்பதுதான். நாள்காட்டி ஒன்றை எடுத்து, ஒவ்வோர் இரவும் படுக்கும் முன் நான்கே செய்திகளைக் குறியுங்கள்: சோர்வு, வீக்கம், எரிச்சல், அழுகை, ஒவ்வொன்றுக்கும் பூச்சியம் முதல் மூன்று வரை மதிப்பெண். உதிரப்போக்கு நாள்களைச் சிவப்பில் வட்டமிடுங்கள். மாத முடிவில் நினைவிலிருந்து நிரப்பினால் பயனில்லை; மோசமான நாள்கள் நல்ல நாள்களை நினைவிலிருந்து மறைத்துவிடும். இரண்டு சுழற்சிகள் முடிந்ததும் அந்தத் தாளையே மருத்துவரிடம் நீட்டுங்கள். மாதவிடாய் நின்ற வாரத்திலும் மதிப்பெண் இறங்கவில்லை என்றால் அது தைராய்டின் பக்கமோ மனச்சோர்வின் பக்கமோ இருக்கலாம். அந்த வாரத்தில் துடைத்தாற்போல் பூச்சியத்துக்கு வந்தால் உண்மையான மாதவிடாய்க்கு முந்தைய தொல்லை. அதற்குத் தனிச் சிகிச்சைகள் இருக்கின்றன. தைராய்டு இயல்பாக இருப்பவர் அதற்காகத் தைராக்சின் சாப்பிடுவது சரியல்ல. அந்த நாள்களில் வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் எப்போதாவது தலைகாட்டினால் இந்தத் தாள் நிரம்பும்வரை காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவரிடமும் வீட்டிலும் சொல்லுங்கள்.

நிலாமுற்றம் (பதினொரு வாரங்களுக்குப் பிறகு):

அதன்பின் என்ன ஆனது என்று எழுதுகிறேன். மாத்திரைகளைப் பிரித்துச் சாப்பிடத் தொடங்கி எட்டு வாரம் கழித்து எடுத்த பரிசோதனையில் டி.எஸ்.எச். 5.2, ஹீமோகுளோபின் 11.1. இன்னும் சற்று இறங்க வேண்டும் என்று தைராக்சினை 75 மைக்ரோகிராமாக்கியிருக்கிறார்கள். ஸ்கேனில் கட்டி எதுவும் இல்லை. கடந்த இரண்டு சுழற்சிகள் 36 நாள், 31 நாள். கடைசி முறை ஆறாம் நாளில் நின்றுவிட்டது.

நாள்காட்டியை மருத்துவர் வெகுநேரம் பார்த்தார். சோர்வும் வீக்கமும் முதல் தாளில் எல்லா நாளும் இரண்டு, மூன்று என்று இருந்தவை, இரண்டாம் தாளில் பெரும்பாலும் ஒன்றுக்கு இறங்கியிருக்கின்றன. எரிச்சலும் அழுகையும் அப்படியில்லை. அவை இரண்டு தாள்களிலும் சிவப்பு வட்டத்துக்கு முந்தைய ஐந்து நாள்களில்தான் மூன்றைத் தொடுகின்றன. மற்ற நாள்களில் கட்டம் கட்டமாகப் பூச்சியம். அந்த ஐந்து நாள்களைத் தனியாகக் கவனிக்க வேண்டும் என்று சொல்லி, மூன்றாவது தாளையும் நிரப்பிக்கொண்டு ஆறு வாரத்தில் அடுத்த பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்.