வீட்டுக்கு டீப் ஃப்ரையர்: 3 லிட்டரா, 4 லிட்டரா? காயில் (சூடேற்றும் கம்பிச்சுருள்) எண்ணெய்க்குள் இருப்பது நல்லதா?

புதுக்கூடை:
நான்கு பேருக்கு, வாரம் ஒருமுறை பொரிக்க. பெரும்பாலும் ஃப்ரோசன் உருளைக்கிழங்கு ஃப்ரைஸ், பிரெட் தூள் பூசிய கோழி, சில நேரம் மாவில் தோய்த்த மீன். இப்போது இருப்பது 1 லிட்டர், 900 வாட். அரை கிலோ ஃப்ரைஸ் போட்டதும் கொதிப்பு அடங்கிவிடுகிறது, எண்ணெய் குடித்துச் சொதசொதவென்று வருகிறது. மூன்றாம் தடவையே எண்ணெய் கறுத்துக் கசக்கிறது. பார்த்து வைத்திருப்பவை:

அ) 3 லிட்டர், 1800 வாட், காயில் எண்ணெய்க்குள் மூழ்கும், எல்லாம் தனித்தனியாகக் கழலும்.
ஆ) 1.5 லிட்டர், 1200 வாட், காயில் அடியில், நான்ஸ்டிக் பாத்திரம் கழலாது.
இ) 4 லிட்டர், 1800 வாட், அடியில் குழாய், எண்ணெய் வடிகட்டும் பெட்டி.

எதை வாங்கலாம்? வாட் எவ்வளவு முக்கியம்?

கொதிநிலை:
முதலில் இப்போதைய பிரச்சினை. 1 லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 920 கிராம். அதில் அரை கிலோ பனிக்கட்டியான ஃப்ரைஸ் போட்டால் எண்ணெய் உணவைப் போல் இரண்டு மடங்குகூட இல்லை. ஃப்ரைஸில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். அந்தப் பனி உருகுவதற்கு மட்டுமே சுமார் 110 கிலோஜூல் வேண்டும். 900 வாட் ஹீட்டர் இரண்டு நிமிடம் முழுதாக எரிந்து தருவதே அவ்வளவுதான். உருகிய தண்ணீரை நீராவியாக்க வேண்டிய சூடு எண்ணெயிலிருந்துதான் போகும். 180 டிகிரியில் இருந்த எண்ணெய் வெகு சீக்கிரம் 130க்குக் கீழே இறங்கும். அந்தச் சூட்டில் மேல்தோல் இறுகாது.

எண்ணெய் உள்ளே போவது பெரும்பாலும் பொரியும்போது அல்ல, வெளியே எடுத்த பிறகு. உள்ளிருக்கும் நீராவி ஆறிச் சுருங்கும்போது மேலே ஒட்டிய எண்ணெயை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அதனால் தூக்கியவுடன் கூடையை எண்ணெய்க்கு மேலேயே பிடித்து 20 விநாடி நன்றாக உதறுங்கள். இருக்கும் மிஷினிலேயே 150 கிராம் மட்டும் போட்டு இதைச் செய்து பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

எந்த மிஷினானாலும் எண்ணெயின் எடை உணவின் எடையைப் போல் குறைந்தது ஆறு மடங்கு இருக்கட்டும். அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் '1.2 கிலோ கொள்ளளவு' கூடைக்குள் அடங்கும் அளவு. அவ்வளவையும் மொறுமொறுப்பாகப் பொரிக்க முடியும் என்று அதற்குப் பொருள் இல்லை. 3 லிட்டரில் ஒரு ஈட்டுக்கு 400 கிராம் சரி. 1.5 லிட்டரில் 200 கிராம்தான்.

என் தேர்வு அ.

அளவுகோல்:
லிட்டருக்கு எத்தனை வாட் என்று பார்த்தால் ஆ 800, அ 600, இ 450. ஆ-தானே முதலில் வருகிறது?

கொதிநிலை:
நல்ல கேள்வி. அந்தக் கணக்கு எவ்வளவு சீக்கிரம் காயும் என்பதற்குச் சரி. உணவு விழும் நொடியில் தாங்குவது எண்ணெயில் ஏற்கெனவே இருக்கும் சூடு. அதற்கு எண்ணெயின் அளவு வேண்டும். லிட்டருக்கு 600 வாட்டுக்குக் குறையாமல், மொத்தத்தில் 2.5 முதல் 3.5 லிட்டருக்குள் இருப்பதுதான் நான்கு பேர் வீட்டுக்குப் பொருந்தும்.

காய்வதற்கு: 3 லிட்டரை 25லிருந்து 175 டிகிரிக்குக் கொண்டுபோக 1800 வாட்டில் கணக்குப்படி 8 நிமிடம், வெளியே போகும் சூட்டையும் சேர்த்தால் 10. இ-க்கு 13 நிமிடமாவது ஆகும். 230 வோல்ட் இணைப்பு உள்ளவர்களுக்கு 2200 வாட் மாடல் கிடைத்தால் அதையே எடுக்கலாம். 120 வோல்ட், 15 ஆம்பியர் சாக்கெட்டில் 1800தான் எல்லை, ஆகவே அங்கே 4 லிட்டர் பெரும்பாலும் வீண்.

கசடு:
எண்ணெய் கறுப்பதற்கு வருகிறேன். இங்கேதான் காயில் எங்கே இருக்கிறது என்பது முக்கியம். காயில் அடித்தட்டுக்குக் கீழே இருந்தால் உதிரும் பிரெட் தூள் நேராகப் பாத்திரத்தின் மிகச் சூடான இடத்தில் போய் உட்காரும். கருகும், கசக்கும், அடுத்த ஈட்டில் கறுப்புப் புள்ளியாக ஒட்டும். மூழ்கும் காயில் பாத்திரத்தின் அடியிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே இருக்கும். சூடான எண்ணெய் மேலே எழும்பும், காயிலுக்குக் கீழே உள்ளது அவ்வளவு சூடாகாது. தூள் அங்கே இறங்கிக் கருகாமல் கிடக்கும். நீங்கள் பிரெட் தூள் பூசிப் பொரிப்பதால் ஆ வேண்டவே வேண்டாம். கழலாத பாத்திரத்தை மிஷினோடு தூக்கிக் கவிழ்த்துக் கழுவுவது பெரிய அவஸ்தை, ஒயர் பக்கம் தண்ணீர் போகும் அபாயமும் உண்டு.

இ-யின் வடிகட்டும் பெட்டி நல்ல வசதி, ஆனால் எண்ணெய் முழுக்க ஆறிய பிறகே திறக்கும். குழாயின் ரப்பர் வளையம் தேய்ந்தால் சொட்டும். அ-வில் அதே வேலைக்கு நுண்ணிய சல்லடையும் காபி வடிகட்டும் தாளும் போதும். எண்ணெய் வெதுவெதுப்பாக இருக்கும்போது வடிகட்டுங்கள், முழுக்க ஆறினால் தாளில் இறங்காது. மூடிய பாத்திரத்தில், வெளிச்சம் படாத குளிர்ந்த இடத்தில் வையுங்கள். மீன் பொரித்ததைத் தனியாக வைப்பது நல்லது.

எத்தனை தடவை என்று எண்ணிக்கை வைத்து முடிவு செய்யாதீர்கள். 180க்கு முன்பே புகைந்தாலோ, உணவு போட்டதும் பொடி நுரை எழும்பி அடங்காமல் நின்றாலோ, சிக்கு வாடை வந்தாலோ, எண்ணெய் கெட்டியாகி நூல்போல் வடிந்தாலோ மாற்றிவிடுங்கள். கெட்டுப்போனதோடு புதிதைக் கலந்தால் புதிதும் சீக்கிரம் கெடும். உப்பு, மசாலாவைப் பொரித்த பிறகு தூவுங்கள், அதுவும் கூடையை எண்ணெய்க்கு மேலிருந்து நகர்த்திய பின்.

எந்த எண்ணெய் என்றால் சுத்திகரித்தது, வாசனையில்லாதது. செக்கில் ஆட்டி அப்படியே வருவது முன்னதாகவே புகையும். கெட்டிக் கொழுப்பாக இருந்தால் தனிச் சட்டியில் உருக்கி ஊற்றுங்கள். கட்டியாகக் காயில்மேல் வைத்துப் போட்டால் கொழுப்பு தொடாத காயில் பகுதி வெறுமனே எரிந்து வீணாகும்.

புதுக்கூடை:
மிக்க நன்றி. அ வகையே வாங்கியாயிற்று. இரண்டு சந்தேகம். டயலை 180ல் வைத்தால் வெப்பமானி ஒரு நேரம் 168, ஒரு நேரம் 190 காட்டுகிறது. பழுதா? இன்னொன்று, கழுவி மாட்டியதிலிருந்து விளக்கே எரியவில்லை.

வெப்பமானி:
முதலாவது பழுது இல்லை. இந்த வகைத் தெர்மோஸ்டாட் (சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி) குறித்த சூட்டைத் தாண்டி அணையும், நன்றாக இறங்கிய பிறகே மறுபடி பிடிக்கும். 10 டிகிரி மேலும் கீழும் சாதாரணம். விளக்கு முதல்முறை அணைந்ததும் பொரிக்கத் தொடங்காதீர்கள். முதல் சுற்றில்தான் அதிகம் தாண்டும். நீளக் கரண்டியால் ஒருமுறை கலக்கி, இரண்டாம் முறை அணைந்த பின் அளந்து பாருங்கள். வெப்பமானிக் கம்பியின் முனை நடு ஆழத்தில் இருக்கட்டும், காயிலைத் தொடக்கூடாது. தொடர்ந்து 10 டிகிரி கூடுதலாகவே காட்டினால் டயலை அந்த அளவு குறைத்து வையுங்கள். உருளைக்கிழங்குக்கு 175ஐத் தாண்ட வேண்டாம், அக்ரிலமைடு (மாவுச்சத்துள்ள உணவு அதிகச் சூட்டில் பொரியும்போது உண்டாகும் கெடுதலான பொருள்) உருவாவதைக் குறைக்க ஐரோப்பிய ஒன்றியத்தின் 2017/2158 விதி சொல்லும் உச்சமும் அதுதான். பழுப்பாகவிடாமல் பொன்னிறத்தில் எடுங்கள்.

மாவில் தோய்த்த மீனைக் கூடையில் அடுக்கி இறக்கினால் கம்பியோடு ஒட்டும். வெறுங்கூடையை முதலில் இறக்கிவிட்டு, ஒவ்வொன்றாக உங்களுக்கு எதிர்ப்பக்கமாக நழுவ விடுங்கள். மூடி போட்டுப் பொரித்தால் ஆவி திரும்பச் சொட்டி எண்ணெய் தெறிக்கும், மேல்தோலும் இளகும்.

கசடு:
இரண்டாவதற்கு: கட்டுப்பாட்டுப் பெட்டியின் பின்னால் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். பெட்டி தன் பள்ளத்தில் முழுக்க உட்கார்ந்தால்தான் அது அழுந்தும், அப்போதுதான் மின்சாரம் போகும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அந்தப் பள்ளத்தில் பிசுக்கோ தூளோ இருந்தால் துடைத்து, 'டக்' என்று விழும்வரை இறக்கி மாட்டுங்கள்.

அதற்கும் எரியவில்லை என்றால் அதிகச் சூட்டுத் தடுப்பு (சூடு மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்திருக்கலாம். எண்ணெய் குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே இருந்தபோது போட்டீர்களா? முழுக்க ஆறவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, பெட்டியின் பின்புறம் 'ரீசெட்' என்ற துளையில் மரக்குச்சியால் அழுத்துங்கள். மறுபடியும் விழுந்தால் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டிருக்கலாம். பழுது பார்க்கும்வரை போடாதீர்கள். பாத்திரத்தை டிஷ்வாஷரில் போடலாம், பெட்டியையும் காயிலையும் தண்ணீரில் முக்காதீர்கள், ஈரத்துணி போதும். எண்ணெய் ஊற்றும் முன் பாத்திரத்தின் மடிப்புகளிலும் கூடையின் கைப்பிடியிலும் ஒரு சொட்டு நீர்கூட இல்லாமல் உலர்த்துங்கள். எக்ஸ்டென்ஷன் ஒயர் வேண்டாம், நேராகச் சுவர் சாக்கெட்டில்.

புதுக்கூடை:
பள்ளத்தில் பிரெட் தூள்தான். துடைத்து மாட்டியதும் எரிகிறது. 400 கிராம், 175 டிகிரி, கொதிப்பு அடங்கவே இல்லை.