ஒரே சேலை, இரண்டு பேர்: எல்லையோரத்து உடுப்பு அனுபவங்கள்

செங்கோட்டையிலிருந்து

நான் செங்கோட்டைக்காரி. வேலை கேரளாவில் இருக்கிற புனலூரில், ஒரு மருத்துவமனையின் கணக்குப் பிரிவில். 1956 நவம்பர் 1 வரைக்கும் எங்கள் ஊரே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தான் இருந்தது. அதனால் மலைக்கு அந்தப் பக்கம் போய்ச் சம்பாதிப்பது எங்களுக்குப் புதிதில்லை. புளியரை, ஆரியங்காவு, தென்மலை என்று வளைந்து வளைந்து போகிற பஸ்ஸில் தினமும் போய்வருகிறேன்.

போன வருடம் கூட வேலை பார்க்கும் சேச்சி ஒருவர், தென்காசியில் பருத்திச் சேலை எடுத்து வரச் சொன்னார். எனக்கும் அவருக்கும் சேர்த்து ஒரே மாதிரி இரண்டு எடுத்தேன். கரும்பச்சை உடம்பு, கடுகு மஞ்சளில் ஒற்றைக் கரை, ஒன்று 450 ரூபாய். ஓணத்துக்கு முந்தைய வாரம் பேசி வைத்துக்கொண்டு இரண்டு பேரும் அதையே கட்டிப் போனோம். அன்றைக்கு டாக்டரம்மா முதல் மருந்துக் கடைப் பெண் வரை எல்லோரும் சேச்சியிடம் கேட்டார்கள்: கைத்தறியா, எங்கே வாங்கியது, மூவாயிரம் இருக்குமா? பக்கத்தில் அதே சேலையில் நின்ற என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

எனக்கு மனசு சுருங்கிவிட்டது. மத்தியானம் சேச்சியிடமே கேட்டுவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. உடை மாற்றும் அறைக்குக் கூட்டிப்போய், ஆளுயரக் கண்ணாடி முன்னால் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்படி செய்தார். "சாரிக்குக் குழப்பமில்ல மோளே. அடி நோக்கு" என்றார். சேலையில் ஒரு குறையும் இல்லை, கீழே பார் என்று அர்த்தம்.

பார்த்தேன். என் சேலையின் அடி ஓரம் அலை அலையாகச் சுருங்கி உள்பக்கம் மடங்கியிருந்தது. அவசரத்தில் புதுத் துணியாகவே வைத்து மிஷினில் அடித்த ஃபால்ஸ். முதல் சலவையில் அது சுருங்கி, சேலையையும் சேர்த்து இழுத்துவிட்டது. நூலும் வெளிர்ப்பச்சை என்பதால் தையல் வரிசை வெளியே தெரிந்தது. சேச்சி தன் சேலையின் ஓரத்தைப் புரட்டிக் காட்டினார். ஃபால்ஸ் துணியை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, தேய்த்த பிறகுதான் தைத்திருக்கிறார். கைத்தையல், அதே கரும்பச்சை நூல். ஒவ்வொரு குத்திலும் சேலையில் ஒரே ஒரு இழையை மட்டும் எடுத்து ஊசி வெளியே வந்திருந்தது. வெளிப்பக்கம் திருப்பினால் தையல் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. அந்தக் கனத்தில் கொசுவம் தரையை நோக்கி நேராக விழுந்தது.

அடுத்து உயரம். நான் வீட்டில் வெறுங்காலோடு கட்டிவிட்டு, கிளம்பும்போது செருப்பு மாட்டுகிறவள். செருப்பு ஏறியதும் சேலை இரண்டு விரல் மேலே போய்விடும், கணுக்கால் தெரியும். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் முதல் சுற்றே சுற்றுவார். உள்பாவாடையும் சேலை நிறத்திலேயே, இடுப்பில் சுருக்கம் குறைத்துத் தைத்தது. என்னுடையது வெள்ளை. நடக்கும்போதெல்லாம் அது எட்டிப் பார்த்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

ப்ளவுஸைப் பற்றி அவர் சொன்னதை நான் இன்னும் கடைப்பிடிக்கிறேன். நான் போட்டிருந்தது பளபளப்பான ரெடிமேட் ப்ளவுஸ், பச்சைக்குப் பச்சை. தோள் வழுக்கிக்கொண்டே இருந்தது. அவர் கரையின் கடுகு நிறத்தில் சாதாரணப் பருத்தி எடுத்து, முழங்கை வரை கை வைத்துத் தைத்திருந்தார். மொத்தச் சேலையிலும் கண் எங்கே போகவேண்டுமோ அங்கே அந்த நிறம் கூப்பிட்டது.

அன்று சாயங்காலமே ஃபால்ஸைப் பிரித்துவிட்டேன். நீங்களும் இப்படி எங்காவது பார்த்துக் கற்றுக்கொண்டது இருந்தால் எழுதுங்கள். கடையில் என்ன வாங்கலாம் என்பது வேண்டாம், இருக்கிற துணியை வைத்துச் செய்தது மட்டும்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து

எங்க ஊரு பாலக்காடு மாவட்டம், ஆனால் வீட்டிலும் கடைவீதியிலும் தமிழ்தான். பம்புசெட்டு விற்பனையில் இருக்கிறேன். பொள்ளாச்சிப் பக்கம், சித்தூர்ப் பக்கம் என்று நாள் முழுக்க ஆட்களைப் பார்க்கிற வேலை.

நான் சொல்லப்போவது ஒரு டெய்லரைப் பற்றி. எழுபது வயதுக்கு மேல் இருக்கும். தள்ளுபடியில் எடுத்த நாலு சட்டையைக் கொண்டுபோய், "சைடு பிடிச்சுக் கொடுங்க" என்றேன். ஒவ்வொன்றையும் போட்டுக் காட்டச் சொன்னார். இரண்டை அப்போதே மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார். "தோள் இறங்கிப்போச்சுங்க தம்பி. சைடு, கை, நீளம் எது வேணும்னாலும் நான் பார்த்துக்குறேன். தோள் தப்புன்னா காசு வாங்கமாட்டேன்."

தோள் தையல் எலும்பு முடிகிற இடத்தில் உட்கார வேண்டும். புஜத்தில் தொங்கினால் அண்ணன் சட்டையைத் தம்பி போட்ட மாதிரிதான் இருக்கும். அதைச் சரிசெய்ய வேண்டுமென்றால் கையையே கழற்றி, தோளை வெட்டி, மறுபடி ஏற்ற வேண்டும். சட்டை விலையை விடக் கூலி அதிகமாகிவிடும் என்று விளக்கினார். அன்றிலிருந்து எந்தக் கடையிலும் நான் முதலில் பார்ப்பது தோள்தான். விலைச்சீட்டு அதுக்கப்புறம்.

மற்ற இரண்டு சட்டையில் அவர் செய்ததைச் சொல்கிறேன். இடுப்புப் பக்கம் இரண்டு பக்கமும் முக்கால் இஞ்ச் பிடித்தார். அரைக்கை அகலமாக இறக்கை மாதிரி நின்றதைக் குறைத்து, முழங்கைக்கு மேலே ஏற்றினார். வெளியே விட்டுப் போடுகிற சட்டை என்பதால் நீளத்தை ஜிப் பாதி மறையும் அளவுக்கு வெட்டினார். கடைசியாகப் பளபள பிளாஸ்டிக் பொத்தானை அறுத்துப் போட்டுவிட்டு, துணி நிறத்துக்கு ஒரு படி அடர்த்தியில், மினுக்கம் இல்லாத பொத்தான் வைத்தார். ஒரு சட்டைக்கு 90 ரூபாய் ஆனது. மறுவாரம் வாளையார் பக்கம் ஒரு தோட்டக்காரர், "ஆபீஸில் உசத்திட்டாங்களா?" என்று கேட்டார்.

தேய்ப்பதில் ஒன்று. காலரை நுனியிலிருந்து நடுவுக்குத் தேய்க்க வேண்டும். நடுவிலிருந்து நுனிக்குத் தள்ளினால் துணி சேர்ந்து நுனியில் சுருக்கம் விழும். அது முகத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும். எனக்கு இதை முப்பத்தெட்டு வயதில்தான் ஒருவர் சொன்னார். சின்ன வயதிலேயே சொல்லியிருக்கலாம்.

குமுளியிலிருந்து

மழை ஊர்க்காரி நான். பேன்ட், சுடிதார் அடிப்பகுதியில் சேறு தெறித்த கறை இருந்தால் மேலே என்ன போட்டாலும் எடுபடாது. ஏலக்காய் எஸ்டேட் அலுவலகத்தில் இருக்கிறேன், ஜீப்பில் இறங்கி மண் பாதையில் நடக்க வேண்டும். வேலைக்கென்று ரப்பர் செருப்பு, பையில் ஒரு ஜோடி கறுப்பு பெல்லி ஷூ. அலுவலக வாசலில் மாற்றிக்கொள்வேன். கறுப்பு ஷூ, கறுப்புப் பை, அவ்வளவுதான். இங்கே ஈரத்துக்கு அலமாரியில் பூஞ்சை பிடிக்கும், அதனால் வெயில் வந்த அன்றைக்கே எல்லாவற்றையும் எடுத்து உதறிப் போட்டுவிடுவேன்.

நகரியிலிருந்து

ஆந்திரா என்றாலும் எங்கள் தெருவில் பாதி வீடு தமிழ். விடிந்தால் விசைத்தறிச் சத்தம். தறி வீட்டில் பிறந்ததால் துணியைக் கையில் எடுத்ததும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பது என் பழக்கம். இழை நெருக்கமாக, ஒரே சீராக இருந்தால் எடுப்பேன். அங்கங்கே திட்டுத் திட்டாக வெளிச்சம் தெரிந்தால் நாலு சலவையில் தொய்ந்துவிடும், எவ்வளவு தேய்த்தாலும் நிமிராது.

ஆனால் நல்ல துணியையும் தையலில் கெடுக்கலாம். என் சொந்த அனுபவம் இது. என் தங்கை நிச்சயத்துக்கு மறுநாள் போடுவதற்கு, நீலத்தில் வெள்ளைக் கட்டம் போட்ட பருத்தி எடுத்து ஒரு கடையில் குர்தி தைக்கக் கொடுத்தேன். வந்ததைப் பார்த்தால் முன்பக்கக் கட்டம் ஓரிடத்தில், பின்பக்கக் கட்டம் அரை இஞ்ச் கீழே. பக்கவாட்டில் கோடுகள் முட்டி மோதிக்கொண்டு நின்றன. துணியை நனைக்காமலே தைத்துவிட்டார்கள், ஒரே சலவையில் நீளமும் ஏறிவிட்டது. கேட்டதற்கு, "கட்டம்னா அப்படித்தான் வரும்" என்றார்கள். வராது. அப்படி வரவே தேவையில்லை. ஏழு நாள் தறியில் நின்று நெய்த துணிக்கு அந்த மரியாதைகூட இல்லையே என்று எனக்கு அழுகை வந்தது.

புத்தூரில் ஒரு தெலுங்கு அக்கா தைக்கிறார். அவரிடம் மறுபடி அதே துணி எடுத்துக் கொடுத்தபோது கால் மீட்டர் கூடுதலாகக் கேட்டார். எதற்கென்று கேட்டால், தரையில் விரித்துக் காட்டினார். முன்துண்டை வெட்டி, அதைப் பின்துண்டுக்கான துணிமேல் வைத்து, அக்குளுக்குக் கீழே வருகிற கட்டமும் அடியில் முடிகிற கட்டமும் ஒன்றின்மேல் ஒன்று உட்காரும்வரை நகர்த்தினார். நாலு இடத்தில் குண்டூசி குத்திவிட்டுத்தான் கத்தரியை எடுத்தார். பாக்கெட் வைத்தபோது, பாக்கெட் இருக்கிற இடமே தெரியவில்லை, கட்டம் அப்படியே ஓடியது. அந்தக் கால் மீட்டர் இப்படி நகர்த்தியதில் போனதுதான். 70 ரூபாய்த் துணி. போட்டுப் பார்த்தபோது என் அப்பா, தறியிலிருந்து எழுந்து வந்து பக்கத் தையலை விரலால் தடவிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ரொம்ப நேரம் பார்த்தார்.

கட்டமோ கோடோ வாங்கினால் கால் மீட்டர் சேர்த்து வாங்குங்கள். வெட்டுவதற்கு முன்பு ஒரு முறை நனைத்துக் காயவைத்துக் கொடுங்கள். கடைக்காரர் தேவையில்லை என்று சொன்னாலும் கொடுங்கள்.

களியக்காவிளையிலிருந்து

செட்டு முண்டு, அதாவது இடுப்பில் கட்டுகிற முண்டும் தோளில் போடுகிற நேரியதும் சேர்ந்த ஜோடி, அதைப் பற்றி யாரும் எழுதவில்லையே. எங்களுக்குப் பாலராமபுரம் பக்கம்தான். 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராம வர்மா காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து நெசவாளர்களான சாலியர்களைக் கூட்டிவந்து அங்கே குடிவைத்தார்கள். இன்றைக்கும் அங்கே சாலியர் தெரு இருக்கிறது. அந்தத் தெருவில் நெய்கிற ஒரு பாட்டியிடம்தான் என் அம்மா முண்டு வாங்குவார்.

கசவு வைத்தது வாங்கப் பணம் போதாத வருடம், அம்மா மலிவான மினுக்குச் சரிகையைத் தொட்டார். பாட்டி அதை மெல்ல நகர்த்தி வைத்துவிட்டு, கறுப்பு நூல் கரை போட்ட ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அசல் கசவு பட்டு நூலில் வெள்ளி இழை சுற்றி, பொன் முலாம் பூசியது. அதன் மினுக்கு அடங்கி இருக்கும். போலிச் சரிகை முதல் நாளே கண்ணைக் குத்தும், கொஞ்ச நாளில் கறுக்கும். நூல் கரை நாள்பட்டாலும் நிதானமாக நிற்கும். நான் அந்த முண்டை இன்னும் உடுத்துகிறேன். கல்யாண வீட்டில் அதற்குக் கிடைக்கிற மரியாதை எனக்குத் தெரியும்.

கஞ்சி போடுகிறவர்களுக்கு: வடித்த கஞ்சியைத் துணியில் வடிகட்டி, மோர் பதத்துக்குத் தண்ணீர் விட்டு முக்குங்கள். பருக்கை ஒன்றுகூட வரக் கூடாது. நிழலில் காயவைத்து, முழுசாகக் காய்வதற்கு முன் லேசான ஈரத்தோடு எடுத்துத் தேயுங்கள். கரைமேல் ஒரு மெல்லிய துணி போட்டுத் தேயுங்கள். நேரியதைத் தோளில் மடிக்கும்போது எல்லா மடிப்பும் ஒரே அகலம் வரவேண்டும். அம்மா நாலு விரல் அகலத்தை அளவாக வைத்திருந்தார். கறுப்பு, கருநீலத் துணிக்குக் கெட்டிக் கஞ்சி வேண்டாம், வெள்ளைப் படலம் தெரியும். கஞ்சியோடு பெட்டியில் மடித்து வைக்கவும் வேண்டாம், ராமபாணப் பூச்சி தேடி வரும். அலசிக் காயவைத்து வையுங்கள், உடுத்துகிற வாரம் கஞ்சி போட்டால் போதும்.

செங்கோட்டையிலிருந்து, மறுபடியும்

எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். நகரி அக்கா, உங்கள் அப்பா தையலைத் தடவிப் பார்த்தது என் கண்ணிலேயே நிற்கிறது.

ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார், அவ்வளவு தூரம் பஸ்ஸில் போய் இறங்கினால் சேலை கசங்காதா என்று. கசங்கும். சேச்சியிடம் கேட்டு நான் செய்வது இது: கொசுவத்தை ராத்திரியே மடித்து, மேலும் கீழும் க்ளிப் போட்டு, மடிப்போடு சேர்த்துத் தேய்த்து வைத்துவிடுகிறேன். காலையில் அப்படியே சொருகினால் முடிந்தது. முந்தியைப் பின்னுக்கு விட்டு உட்காராமல் முன்னால் எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன். தோள் பின்னை உள்பக்கமிருந்து, ப்ளவுஸோடு சேர்த்துக் குத்துகிறேன், தலை வெளியே தெரியாது. இறங்கியதும் கையை நனைத்து மடியில் விழுந்த சுருக்கத்தை இழுத்துவிட்டால் பருத்தி ஓரளவு கேட்கும்.

பச்சைச் சேலைக்கு ஃபால்ஸ் ஊறவைத்துக் காயவைத்தாயிற்று. மூன்று ராத்திரி உட்கார்ந்து பாதிக்கு மேல் தைத்துவிட்டேன், ஒரு இழைக்கு ஒரு குத்து என்று. சேச்சி சொன்ன அதே கரும்பச்சை நூல் தீர்ந்துவிட்டது, இங்கே இரண்டு கடையில் இல்லை. நாளைக்கு மாலை பஸ் ஏறுமுன் புனலூர்க் கடைவீதியில் சேலையின் நூலோடு வைத்துப் பார்த்து வாங்க வேண்டும். அதற்காகவே முந்தியிலிருந்து ஒரு துணுக்கு நூலை உருவிப் பர்ஸில் வைத்திருக்கிறேன்.